வேலூரில் உட்கார்ந்து க்ரூட் டிரேடிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரி, காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்திலிருந்து எண்ணெய், தங்கம் போன்ற பொருள்களுக்கான எம்சிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் க்ரூடை, அதாவது கச்சா எண்ணெயை, அன்றே வாங்கி அன்றே விற்று இன்ட்ராடே செய்கிறவர்களும், இறங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பங்குச் சந்தை மூன்றரைக்கு மூடிவிடும். க்ரூட் ராத்திரி வரை ஓடும். லாங் பஜாரில் ஷட்டரை இறக்கிவிட்டு வருகிறவருக்கும், சிப்காட்டில் பகல் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கும் அது வசதியாக இருக்கிறது. ஆனால் க்ரூடை ஆட்டிவைக்கும் செய்திகளும் அந்த நேரத்தில்தான் வருகின்றன. அதனால் இங்கே சார்ட், இண்டிகேட்டர் பற்றிய பேச்சு குறைவு, செய்தி பற்றிய பேச்சு அதிகம்.

ஒரு லாட் எடுத்தால் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும்?

லாட் என்பது ஒரு தடவை வாங்கி விற்கும் குறைந்தபட்ச அளவு. பெரிய லாட் 100 பேரல். மினி 10 பேரல். ஒரு பேரல் சுமார் 159 லிட்டர். விலை ஒரு பேரலுக்கு ரூபாயில் ஓடும், ஒரு ரூபாய் படியாக. எனவே திரையில் ஒரு ரூபாய் நகர்ந்தால் பெரிய லாட்டில் 100 ரூபாய், மினியில் 10 ரூபாய்.

கணக்குக்கு விலை 6,000 என்று வைத்துக்கொள்வோம். பெரிய லாட்டின் முழு மதிப்பு 6 லட்சம். சாதாரண நாளிலேயே விலை இரண்டு சதவீதம் போய் வரும். அது 120 ரூபாய், அதாவது ஒரு லாட்டுக்கு 12,000. மாதம் 25,000 சம்பளம் வாங்குகிறவருக்கு அரை மாதச் சம்பளம் டிபன் சாப்பிடுகிற நேரத்தில் போய்விடும். மினியில் அதே நகர்வு 1,200 ரூபாய். புதிதாக வருகிறவர் மினியைத் தவிர எதையும் தொடக் கூடாது என்பது என் பிடிவாதமான கருத்து.

மார்ஜின், அதாவது லாட் எடுக்க முன்பணமாகக் கட்டிவைக்கும் தொகை, தினமும் மாறும். போர்ப் பரபரப்பு நாட்களில் எக்ஸ்சேஞ்ச் அதைக் கூட்டிவிடும். முன்பு புரோக்கர்கள் இன்ட்ராடேக்குப் போட்ட பணத்தைப்போல் நாலு மடங்கு, அஞ்சு மடங்கு என்று கொடுத்த சலுகையை சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பீக் மார்ஜின் விதி 2021 செப்டம்பரோடு முழுதாக முடித்துவிட்டது. இன்றும் ஒருவர் "பத்தாயிரம் போடுங்க, பெரிய லாட் ஓட்டலாம்" என்றால் அவர் எக்ஸ்சேஞ்சுக்கே போகவில்லை என்று பொருள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மினியில் சின்னச் சின்னதாக நிறைய டிரேடு எடுத்தால் ஆபத்து குறைவுதானே?

ஆபத்து குறைவு, செலவு அதிகம். ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ் என்றால் வாங்கி விற்க 40. விற்கும் பக்கம் மதிப்பில் 0.01 சதவீதம் சிடிடி என்ற பரிவர்த்தனை வரி. அதோடு எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரைத்தாள் வரி. 6,000 விலையில் ஒரு மினிக்கு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 55-60 ரூபாய் ஆகும். அதாவது விலை சுமார் ஆறு ரூபாய் உங்கள் பக்கம் நகர்ந்தால்தான் கைப்பணம் கைக்கு வரும். மூன்று ரூபாய், நாலு ரூபாய் பிடித்துவிட்டு "இன்னிக்கு எல்லா டிரேடும் லாபம்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் ராத்திரி புரோக்கர் அனுப்பும் கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

டிவியில் க்ரூட் ஏறுச்சுன்னு சொல்றாங்க, என் ஸ்கிரீன்ல இறங்குதே?

மூன்று காரணம். டிவி பெரும்பாலும் சொல்வது வட கடல் எண்ணெயான பிரென்ட் விலை. எம்சிஎக்ஸ் பின்தொடர்வது அமெரிக்க ரக எண்ணெயான டபிள்யூடிஐயை. இரண்டும் அநேகமாகச் சேர்ந்தே போகும், ஆனால் எப்போதும் ஒரே அளவில் போகாது.

இரண்டாவது, டாலர். நம் விலை என்பது டபிள்யூடிஐ டாலர் விலையை ரூபாய் மதிப்பால் பெருக்கியது. 70 டாலர், 85 ரூபாய் என்றால் 5,950. எண்ணெய் அரை சதவீதம் ஏறி, ரூபாயும் அரை சதவீதம் பலமானால் உங்கள் திரையில் ஒன்றுமே நடக்காது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஏற்றுமதிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது, இங்கே எண்ணெய் மாதவாரி ஒப்பந்தமாக, அதாவது ஃப்யூச்சர்ஸ் கான்ட்ராக்ட்டாகத்தான் கைமாறும். டிவி ஒரு மாதத்து கான்ட்ராக்ட்டைச் சொல்லும், நீங்கள் அடுத்த மாதத்தை வைத்திருப்பீர்கள். மாதம் 19, 20 தேதி வாக்கில் எக்ஸ்பைரி, அதாவது கான்ட்ராக்ட் முடியும் நாள், நெருங்கும்போது இந்தக் குழப்பம் கூடும்.

எந்தச் செய்தி எப்போது வரும்?

இதை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது. மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை அமெரிக்காவில் கோடைக் கடிகாரம். அப்போது எம்சிஎக்ஸ் இரவு 11.30க்கு மூடும். மற்ற மாதங்களில் 11.55. கீழே சொல்வது கோடை நேரம். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

புதன் இரவு 8 மணி: அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகமான ஈஐஏவின் வாராந்திர இருப்பு அறிக்கை. நம் ஆட்கள் "இன்வென்டரி" என்பது இதைத்தான். திங்கள் அங்கே விடுமுறை என்றால் வியாழனுக்குத் தள்ளிப்போகும். இதற்கு முன்னோட்டம் மாதிரி ஏபிஐ என்ற தொழில் சங்கத்தின் கணக்கு நம் நேரப்படி புதன் அதிகாலை 2 மணிக்கு வரும். அப்போது எம்சிஎக்ஸ் தூங்குகிறது. அதனால் புதன் காலை 9 மணி விலையிலேயே அது ஏறியிருக்கும்.

அமெரிக்க வேலைவாய்ப்பு, பணவீக்கப் புள்ளிவிவரங்கள் மாலை 6 மணிக்கு. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி முடிவு 11.30க்கு, அதாவது நம் சந்தை மூடும் அதே நிமிடத்தில். வெள்ளி இரவு 10.30க்கு பேக்கர் ஹியூஸ் நிறுவனத்தின் ரிக் எண்ணிக்கை, அதாவது எண்ணெய்க் கிணறு தோண்டும் எந்திரங்கள் எத்தனை ஓடுகின்றன என்ற கணக்கு. அதற்கு விலை பெரும்பாலும் அசைவதில்லை, அதற்காக விழித்திருக்க வேண்டாம்.

எண்ணெய் உற்பத்தி நாடுகளின் கூட்டணியான ஒபெக் பிளஸின் கூட்டம் தனி ரகம். வார இறுதியில் முடிவை அறிவிப்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதிர்பார்க்காமல் நாளொன்றுக்கு 10 லட்சம் பேரலுக்கு மேல் உற்பத்தியைக் குறைப்பதாகச் சொன்னார்கள். திங்கள் அன்று டபிள்யூடிஐ ஆறு சதவீதத்துக்கு மேல் ஏறி முடிந்தது. வெள்ளி ராத்திரி ஷார்ட், அதாவது விலை இறங்கும் என்று முன்கூட்டியே விற்று, போட்டுவிட்டுத் தூங்கினவருக்கு நடுவில் வெளியேற வழியே கிடையாது.

இன்வென்டரி குறைஞ்சிருக்கு. விலை ஏறணும் இல்லையா? ஏன் இறங்குது?

அதிகம் பேர் காசு விடும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சந்தைக்கு "குறைந்ததா, கூடியதா" என்பது கேள்வியே இல்லை. எதிர்பார்த்ததைவிட எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கேள்வி. உதாரணத்துக்கு, 30 லட்சம் பேரல் குறையும் என்று ஆய்வாளர்கள் கணித்திருந்தார்கள், அதிகாலை ஏபிஐ 45 லட்சம் குறைந்ததாகச் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து விலை அதை நம்பி ஏறிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு 15 லட்சம்தான் குறைந்தது என்று ஈஐஏ சொல்கிறது. இருப்பு குறைந்தது உண்மை. ஆனால் 45 லட்சத்தை நம்பி வாங்கினவர்கள் எல்லாரும் அந்த நொடியில் விற்பார்கள்.

அதோடு, தலைப்பில் வரும் க்ரூட் எண் அறிக்கையில் ஒரு வரிதான். பெட்ரோல் இருப்பு, டீசல் இருப்பு, ரீஃபைனரிகள் எத்தனை சதவீதம் ஓடின, ஓக்லஹோமாவில் உள்ள குஷிங் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, அந்த வாரம் ஏற்றுமதி எவ்வளவு என்று எல்லாம் வரும். டபிள்யூடிஐ கான்ட்ராக்ட்டுக்கு டெலிவரி நடக்கும் இடமே குஷிங் என்பதால் அந்த எண்ணுக்குத் தனி மரியாதை. க்ரூட் குறைந்து, பெட்ரோல் இருப்பு அதைவிடக் கூடியிருந்தால், "எடுத்த எண்ணெயைச் சுத்திகரித்தார்கள், வாங்க ஆளில்லை" என்று சந்தை படிக்கும். இரண்டு பெரிய கப்பல் ஒரு வாரம் முன்னே பின்னே கிளம்பினாலே ஏற்றுமதி எண் ஆடி, இருப்புக் கணக்கும் ஆடிவிடும். அதனால்தான் எட்டு மணிக்கு ஒரு பக்கம் சீறின விலை, எட்டு இருபதுக்குப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

போர் செய்தி வந்தா கண்ணை மூடிக்கினு வாங்கலாமாண்ணா?

கண்ணைத் திறந்துகொண்டு 2025 ஜூன் 23ஆம் தேதியைப் பாருங்கள். அதற்கு முந்தின நாள் அமெரிக்கா ஈரானின் அணு மையங்களில் குண்டு போட்டிருந்தது. உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கடந்துபோகும் ஹோர்முஸ் நீரிணையை ஈரான் மூடிவிடும் என்ற பயத்தில் திங்கள் காலை விலை எகிறித் திறந்தது. இரவு பத்து மணி வாக்கில் கத்தாரில் உள்ள அமெரிக்க விமானதளத்தை ஈரான் ஏவுகணையால் தாக்கியது. போர் முற்றுகிறது, வாங்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். விலையோ சரிந்தது. அன்று டபிள்யூடிஐ ஏழு சதவீதம் கீழே முடிந்தது.

காரணம் எளிது. ஈரான் அடித்தது ராணுவத் தளத்தை, எண்ணெய்க் கிணற்றையோ கப்பலையோ அல்ல. "பதிலடி கொடுத்தாச்சு, எண்ணெய் தப்பியது" என்று பெரிய கைகள் கணக்குப் போட்டு, பயத்துக்கு ஏற்றிய விலையை இறக்கிவிட்டார்கள். நம் நேரப்படி விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் டிரம்ப் போர்நிறுத்தம் என்று பதிவு போட்டார். எம்சிஎக்ஸ் மூடியிருந்தது. செவ்வாயும் விலை ஆறு சதவீதம் விழுந்தது.

இதற்கு நேர்மாறாக 2019 செப்டம்பர் 14, சனிக்கிழமை, சவுதியின் அப்கைக் ஆலை தாக்கப்பட்டபோது நாளொன்றுக்கு 57 லட்சம் பேரல் உற்பத்தி உண்மையிலேயே நின்றது. திங்கள் அன்று பிரென்ட் 15 சதவீதத்தை ஒட்டி ஏறியது. ஆகவே போர் செய்தி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எண்ணெய் வெளியே வருவது நின்றதா, இல்லையா? அந்தப் பதில் தெரிய நேரம் பிடிக்கும். அதுவரை விலை எல்லாப் பக்கமும் அடிக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்த உடனே உள்ளே போகலாமா?

செய்தி முதலில் போவது லட்சக்கணக்கில் சந்தா கட்டும் டெர்மினல்களுக்கு. அங்கே மனிதர் படிப்பதற்குள் நிரல்கள் ஆர்டர் போட்டுவிடும். பிறகு எக்ஸ் தளம், பிறகு டிவி, பிறகு டெலிகிராம், கடைசியில் காட்பாடியில் உங்கள் கைபேசி. ஆந்திராவில் மழை பெய்து, பொன்னையாறு நிரம்பி, பாலாற்றில் தண்ணீர் வந்த பிறகு பாலத்தில் நின்று பார்க்கிறவர்கள் நாம். நமக்கு முந்திக்கொள்ளும் வாய்ப்பு இல்லை. அதை ஒப்புக்கொண்டால் வேலை எளிதாகிவிடும்.

நான் நண்பர்களுக்குச் சொல்வது இது. நேரம் தெரிந்த செய்திக்குப் பத்து நிமிடம் முன்பே கையில் உள்ள பொசிஷனை முடித்து, அதாவது ஸ்கொயர் ஆஃப் செய்துவிட்டு, டீ குடிக்கப் போங்கள். வந்தபின் கால் மணி நேரம் தொடாதீர்கள். செய்திக்கு முந்தைய விலையைக் குறித்துவைத்திருங்கள். விலை அந்தக் கோட்டுக்குத் திரும்பி வந்து நிற்கிறதா, தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். ஏற வேண்டிய செய்திக்கு ஏறாத விலை, அந்தச் செய்தியைவிட முக்கியமான தகவல். நேரம் தெரியாத செய்திக்கு, அதாவது டிரம்ப் பதிவு, டிரோன் தாக்குதல் போன்றவற்றுக்கு, லாட் அளவு ஒன்றுதான் பாதுகாப்பு. வேறு எதுவும் நம் கையில் இல்லை.

ஸ்டாப்லாஸ் போட்டிருந்தேன். அப்புறம் எப்படி அவ்வளவு நஷ்டம்?

ஸ்டாப்லாஸ் என்பது விலை ஓர் அளவுக்குப் போனால் தானாக வெளியேறச் சொல்லும் ஆர்டர். உங்களுடையது லிமிட்டோடு போட்டதாக இருந்திருக்கும். டிரிக்கர் என்பது ஆர்டர் உயிர்பெறும் விலை, லிமிட் என்பது இதற்குக் கீழே விற்காதே என்ற விலை. டிரிக்கர் 5,960, லிமிட் 5,955 என்று வைத்திருக்கிறீர்கள். எட்டு மணிக்கு விலை 5,962லிருந்து ஒரே தாவாக 5,940க்குப் போகிறது. டிரிக்கர் ஆகிவிட்டது, ஆனால் 5,955க்கு வாங்க ஆளில்லை. ஆர்டர் தொங்கிக்கொண்டே இருக்கும், நஷ்டம் வளர்ந்துகொண்டே இருக்கும். டிரிக்கருக்கும் லிமிட்டுக்கும் இடைவெளி கூட்டினால் ஆர்டர் நிறைவேறும் வாய்ப்பு கூடும், மோசமான விலையில் நிறைவேறும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் செய்தி நேரத்தில் வெளியே இருங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறோம்.

ஒரே நாளில் விலை எல்லையில்லாமல் போகாது. முதல் வரம்பு 4 சதவீதம், பிறகு 6, பிறகு கால் மணி நேர இடைவேளைக்குப் பின் 9 என்று விரியும். ஆனால் அந்த இடைவேளையில் மாட்டிக்கொண்டால் வெளியேறுவது கஷ்டம்.

ராத்திரிக்கு வைத்திருக்கலாமா?

இன்ட்ராடே என்று எடுத்ததை நஷ்டம் வந்ததும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று பொசிஷனாக மாற்றுவதைக் கேட்கிறீர்கள் என்றால், கூடாது. எம்சிஎக்ஸ் மூடிய பிறகும் நியூயார்க்கில் வியாபாரம் நடந்துகொண்டே இருக்கும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் நமக்கு முழு விடுமுறை, அவர்களுக்கு இல்லை.

எக்ஸ்சேஞ்சே தாமதமாகத் திறந்த நாளும் உண்டு. 2025 அக்டோபர் 28 அன்று தொழில்நுட்பக் கோளாறால் எம்சிஎக்ஸ் வர்த்தகம் மதியத்துக்கு மேல்தான் தொடங்கியது.

2020ல் விலை மைனஸ் போனது உண்மையா? நம்ம ஊர்லயும் பாதிப்பு இருந்ததா?

உண்மை. 2020 ஏப்ரல் 20 அன்று கொரோனாவால் எண்ணெய்க்குத் தேவை செத்துக் கிடந்தது. குஷிங்கில் வைக்க இடம் இல்லை. மே மாத டபிள்யூடிஐ மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொள்ள ஆளுக்குப் பணம் கொடுத்த நாள் அது. எம்சிஎக்ஸ் ஏப்ரல் கான்ட்ராக்ட் மைனஸ் 2,884 ரூபாய்க்குக் கணக்கு முடிக்கப்பட்டது.

கொடுமை என்னவென்றால், ஊரடங்கு என்பதால் அப்போது எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. சரிவு நடந்தது நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி. லாங், அதாவது விலை ஏறும் என்று வாங்கி, வைத்திருந்தவர்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்ததோடு சரி. ஒரு பெரிய லாட்டுக்கு விலை பூஜ்யத்துக்குப் போனது போக, அதற்கு மேல் 2,88,400 ரூபாய் கட்ட வேண்டி வந்தது. போட்ட பணம் போனால் போகட்டும் என்ற கணக்கு ஃப்யூச்சர்ஸில் செல்லாது. போட்டதற்கு மேலும் போகும். எக்ஸ்பைரி நாளில் பொசிஷன் வைத்திருக்காதீர்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

டெலிகிராம்ல டிப்ஸ், "கணக்கை நாங்க நடத்தித் தர்றோம்", வெளிநாட்டு ஆப்... நம்பலாமா?

டிப்ஸ் தருகிறவர் செபியில் பதிவு பெற்ற ஆய்வாளரா, ஆலோசகரா என்று செபி இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவர்கூட லாபத்துக்கு உத்தரவாதம் கொடுக்கக் கூடாது. கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி டிரேடு போடுகிறவரிடம் கணக்கைக் கொடுத்தால், நஷ்டம் உங்களுடையது, புரோக்கரேஜ் பங்கு அவருடையது.

முன்னே சொன்ன பத்தாயிரம் ரூபாய்க்காரர் நடத்துவது டப்பா. அது எக்ஸ்சேஞ்சுக்குப் போகாமல் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டு கணக்கு முடிப்பது. மார்ஜின் இல்லை, சிடிடி இல்லை என்று இனிக்கும். சட்டப்படி குற்றம். பெரிய லாபம் வந்தால் ஆள் இருக்க மாட்டார், கேட்க இடமும் இல்லை. வெளிநாட்டு ஆப்களில் டாலர் அனுப்பி க்ரூட் ஓட்டுவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மாட்டும். அனுமதியில்லாத தளங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி வெளியிட்டிருக்கிறது.

2022ல் காட்பாடியை மையமாகக் கொண்ட நிதி நிறுவனம் ஒன்றில் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியதை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இருக்க முடியாது. மாதாமாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்ற வாக்கில்தான் அந்தப் பணமும் போனது. க்ரூட் டிரேடிங்கில் போட்டு மாதம் 5 சதவீதம் தருகிறேன் என்று யார் வந்தாலும், சொந்த மச்சானாகவே இருந்தாலும், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள்.

எட்டு மணிக்கு கரண்ட் போனால்?

சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு சாயங்காலம் காற்றும் இடியும் வந்தால் இங்கே முதலில் போவது கரண்ட், கூடவே பிராட்பேண்ட். புரோக்கரின் போன் டிரேடிங் எண்ணை ஒரு தாளில் எழுதிவையுங்கள். வேறு நிறுவனத்து சிம் ஒன்று இருக்கட்டும். ஸ்டாப்லாஸ் ஆர்டர் எக்ஸ்சேஞ்ச் சிஸ்டத்தில் இருக்க வேண்டும், உங்கள் மனசில் அல்ல.

லாரி வைத்திருக்கிறேன். டீசல் ஏறும் என்ற பயத்துக்கு க்ரூட் வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். 2017 ஜூன் 16 முதல் பங்க் விலை தினமும் மாறலாம் என்பது ஏற்பாடு. நடைமுறையில் மாதக்கணக்கில் அசையாமல் நின்றதையும், 2024 மார்ச்சில் தேர்தலுக்கு முன் இரண்டு ரூபாய் குறைந்ததையும் பார்த்தோம். பங்க் விலையில் கணிசமான பகுதி மத்திய வரி, மாநில வரி. க்ரூட் 10 சதவீதம் இறங்கி உங்கள் ஃப்யூச்சர்ஸ் நஷ்டத்தில் இருக்கும்போது டீசல் பைசா குறையாமல் நிற்கலாம். இரண்டு பக்கமும் அடி.

இதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ளலாமா?

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷனில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம். சராசரி நஷ்டம் ஆளுக்குச் சுமார் 2 லட்சம். அது பங்குச் சந்தைக் கணக்கு, க்ரூட் கணக்கு அல்ல. க்ரூடில் நிலைமை இனிப்பாக இருக்கும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வேலையை விடாதீர்கள். மகளிர் குழுக் கடன், நகைக் கடன், சீட்டுப் பணம் எதையும் இங்கே கொண்டுவராதீர்கள்.

மத்திய அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகளில் 16ஆம் விதி ஊக வணிகத்தைத் தடுக்கிறது. மாநில ஊழியர்கள், ஆசிரியர்கள், காவலர்கள் தங்கள் துறை விதியைப் படித்துவிட்டு வரவும்.

வருமான வரி எப்படி?

எம்சிஎக்ஸில் சிடிடி கட்டிச் செய்யும் ஃப்யூச்சர்ஸ், ஊக வணிகம் அல்லாத தொழில் வருமானமாகக் கணக்கில் வரும். இன்ட்ராடே என்றாலும் அப்படித்தான். நஷ்டத்தைக் கடை லாபத்திலோ வாடகையிலோ கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. மீதி நஷ்டத்தை எட்டு ஆண்டு வரை எடுத்துச்செல்லலாம், ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் மட்டுமே. "நஷ்டம்தானே, எதுக்கு ஃபைல் பண்ணணும்" என்று விட்டுவிட்டு அடுத்த வருடம் லாபம் வந்ததும் ஆடிட்டரிடம் ஓடி வந்தால், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இன்டர்நெட், மென்பொருள் கட்டணம், புரோக்கரேஜ் எல்லாம் செலவில் சேரும், ரசீது இருந்தால்.